இரண்டு ரிமோட்டும் ஒரு விமானமும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டு நெடுங்காலம். மேசையின் ஒரு தலைப்பில் இறக்கை கிடக்கும், மறுதலைப்பில் வால் கிடக்கும், நடுவில் பசையும் கத்தியும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையின் துகளும். ஒருநாள் குழம்பில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. "உது தேங்காய்ப்பூவோ?" என்று கேட்டார் என் கணவர். நான் அகப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அன்றைக்கு அவர் தானே முட்டை பொரித்துச் சாப்பிட்டார்.

மின்வேலை படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். எங்கள் உரும்பிராயில் ஓய்வு பெற்ற ஆண்கள் வாழைக்குத் தண்ணீர் மாறுவார்கள், கோயில் நிர்வாகத்தில் சண்டை பிடிப்பார்கள், அல்லது கனடாவுக்குப் போய்க் குளிரில் இருந்துகொண்டு ஊரைக் குறை சொல்வார்கள். இவர் ரிமோட்டில் பறக்கிற விமானம் கட்டத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்பார். முதல் விமானத்துக்குக் கொழும்புத்துறையில் மீன் அடைத்து வருகிற ரெஜிபோம் பெட்டிகளை வாங்கி வந்து வெட்டினார். எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. வயலில் அது எழும்பியதுதான் தாமதம், சுற்று வட்டாரத்துக் காகம் முழுவதும் அதன் பின்னால் திரண்டு போனது. நான் வரம்பில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. விமானத்தைப் பத்திரமாக இறக்கிய பிறகுதான் என்னோடு சேர்ந்து சிரித்தார். பறந்துகொண்டிருக்கும்போது சிரிக்கக்கூடாது என்பதும் அவருடைய சட்டங்களில் ஒன்று.

சட்டங்களுக்குக் குறைவே இல்லை. பற்றரி ஏற்றும்போது வீங்கினால் தீப்பிடிக்கும் என்று மண்சட்டியில் மணல் போட்டு அதற்குள் வைத்துத்தான் ஏற்றுவார், ஏறி முடியும்வரை பக்கத்தை விட்டு அசையமாட்டார். நான் ஒடியற்கூழ் காய்ச்சுகிற பெரிய சட்டி அப்படித்தான் கைமாறியது. தை மாதத்தில் விமானத்தைத் தொடவே மாட்டார். அது பட்டக்காலம். பனையில் கட்டிவிட்டுப் போன பட்டத்தின் நூல் கண்ணுக்குத் தெரியாது, இறக்கையை அறுத்துவிடும். வீடுகளுக்கு மேலே பறக்கக்கூடாது, ஆட்களுக்கு மேலே பறக்கக்கூடாது, விசிறி இருக்கிற மூக்குப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. முதலில் ரிமோட்டைப் போட்டுப் பிறகுதான் விமானத்துக்குப் பற்றரி கொழுவ வேண்டும். முடிக்கும்போது முதலில் பற்றரியைக் கழற்றிப் பிறகுதான் ரிமோட்டை நிற்பாட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் கேட்பாரற்று நிற்கும், விசிறி எந்த நேரத்திலும் சுற்றத் தொடங்கும் என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், தனியே பறக்கக்கூடாது. பறக்கிறவர் விமானத்தை விட்டுக் கண்ணெடுக்கக்கூடாது. ஆகவே நிலத்தில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வட்டுக்கோட்டைப் பக்கம், அரிவு வெட்டி முடிந்த வயல் வெளியில், குடை பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையை யாராவது பார்த்திருந்தால் அது நான்தான். என் தமக்கை ஒருமுறை, "இந்த வயதிலை உனக்கென்னடி விசர்?" என்று கேட்டாள். விசர் எனக்கில்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கு என்று சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. எதைச் செய்தாலும் முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் கையால் செய்வார். மின்சாரம் படிப்பித்த பழக்கம் அது. கம்பியைத் தொடமுன் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பக்கத்தில் நிற்பவன் தப்புவான். விமானத்திலும் அப்படியே. எழும்பமுன் நான் வால் பக்கம் நின்று இறக்கையின் மடல்களைப் பார்க்க, அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன்.

"வலம்."

"வலம் எழும்புது."

"இடம்."

"இடம் எழும்புது."

"ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப விடுறன்."

மேலே போன பிறகும் வாய் ஓயாது. "ஏத்துறன். இடம் திருப்புறன். குறைக்கிறன்." எப்போதும் இடப்பக்கம்தான் வட்டம் போடுவார், ஒருநாளும் வலம் போனதில்லை. கோயிலில் கூட இப்படி உரத்துக் கும்பிட்டதில்லை இவர்.

பக்கத்தில் நிற்பவருக்கும் இறக்கத் தெரிய வேண்டும், பறப்பவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லி எனக்கும் பழக்கினார். அதற்கென்றே இரண்டாவது ரிமோட் ஒன்று வாங்கினார். என் கையில் விமானம் வந்தால் பேய் பிடித்தது மாதிரி ஆடும். "மெதுவாய், மெதுவாய். அது உம்மடை தேங்காய் திருவலை இல்லை" என்பார். எனக்குக் கோபம் வரும். ரிமோட்டை அவரிடம் தள்ளிவிட்டுக் குடைக்குள் போய் நிற்பேன். அடுத்த ஞாயிறு திரும்பவும் கையில் தருவார். சோளகக் காற்று வீசுகிற ஒரு காலத்துக்குள் ஓரளவு பழகிவிட்டேன். மண்பாதையில் கோணாமல் நான் முதல்முறை இறக்கியபோது அவர் கைதட்டவில்லை. பற்றரியைக் கழற்றி, ரிமோட்டை நிற்பாட்டி, எல்லாம் முடித்த பிறகு, "நல்லாய் இறக்கினீர்" என்றார். அன்று வீடு வரும்வரை நான் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு. இறக்கையைக் கழற்றித் திருத்திப் பூட்டியிருந்தார். வயலில் வழமை போல, "வலம்" என்றார். நான் பார்த்தேன். இடப்பக்க மடல் எழும்பியது.

"இடமெல்லே எழும்புது" என்றேன்.

"ஓம்" என்றார். "இடம்."

"இஞ்சாருங்கோ, மாறி நிக்குது. கம்பி மாத்திக் கொழுவிப் போட்டியள்."

"ஓம் ஓம். ஆக்கள்?"

என் சொல் அவர் காதில் விழுந்திருந்தது, ஆளுக்குள் விழவில்லை. நான் போய் விமானத்துக்கு முன்னால் நிற்கக்கூடாத இடத்தில் நின்றேன். அப்போதுதான் திடுக்கிட்டு என்னை ஏசத் தொடங்கினார். ஏச்சைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அந்த ஏச்சு என் பழைய மனிதருடையது.

ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. சந்தைக்குப் போனவர் கோப்பாய்ச் சந்தியில் மோட்டார்சைக்கிளோடு நின்று, எந்தப் பக்கம் வீடு என்று ஒருவரிடம் கேட்டிருக்கிறார். மகளுடன் தொலைபேசியில் கதைத்துவிட்டு, "ஆர் அந்தப் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். வைத்தியர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, இது மறதி நோய், மருந்தால் கொஞ்சம் மெதுவாக்கலாம், திருப்ப முடியாது என்றார். நான் வைத்தியருடன் சண்டை பிடித்தேன். இவ்வளவு படித்துவிட்டு இதற்கொரு மருந்து இல்லையா என்று கேட்டேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என் கணவர்தான் என் முதுகில் தட்டி, "வாரும், போவம்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். யாருக்கு அந்த நோய் என்று அவருக்கு அப்போது விளங்கியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகள் கனடாவில் இருந்து அழுதாள். "அம்மா, அப்பாவின்ரை பறப்பை நிப்பாட்டுங்கோ. ஆருக்கும் மேலை விழுந்தால் என்ன செய்யிறது?"

சொல்வது சரிதான். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் இவர் கதிரையில் இருந்து சேட்டின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார். ஞாயிறு விடிந்தால் தானே முகம் வழித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். வயலில் இறங்கினால் முதுகு நிமிரும். வாயில் சொல் வரும். கிழமைக்கு ஒருமுறை எனக்குப் புருசன் கிடைத்தான். அதை நிற்பாட்டச் சொன்னால் நான் எப்படி நிற்பாட்டுவேன்?

பிறகு அதற்கும் ஒரு நாள் வந்தது. விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. மண்பாதையில் ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தார். "ஆள் வருது, திருப்புங்கோ" என்று கத்தினேன். "ஓம்" என்றார். விரல் அசையவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். "ஓம்." நான் ரிமோட்டைப் பறித்துத் திருப்பினேன். புல்லுக்கட்டின் மேலால் விமானம் போனது. சைக்கிள்காரர் வயலுக்குள் விழுந்து எழும்பி என் பரம்பரையையே இழுத்து ஏசினார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். இவர் தன்னுடைய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி இவருடைய கையில் விமானம் இருக்கக்கூடாது. அது எனக்கு அந்த வரம்பிலேயே தெளிவாகிவிட்டது. ஒரு கிழமை முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன், கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு விடிய அவர் தொப்பியோடு வாசலில் நின்றார். என்னால் முடியவில்லை. நான் போய் இரண்டாவது ரிமோட்டை எடுத்து, அவர் முன்பு காட்டித் தந்த மாதிரியே விமானத்தை அதனோடு இணைத்தேன். அவருடைய ரிமோட்டில் வெளிச்சம் எரியும், குச்சிகள் அசையும், ஆனால் அதன் சொல்லை விமானம் கேட்காது.

வயலில் விமானம் ஓடிவிடாமல் அதன் வாலை ஒரு கட்டையில் கொழுவிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். "வலம்" என்றார். என் விரல் வலத்துக்குப் போனது. "வலம் எழும்புது" என்றேன். வாலைக் கழற்றி விட்டோம். "ஏத்துறன்" என்றார், நான் ஏற்றினேன். "இடம் திருப்புறன்" என்றார், நான் திருப்பினேன். எல்லாவற்றையும் முதலில் வாயால் சொல்கிற மனிதர் என்றபடியால் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. விமானத்தை விட்டுக் கண்ணெடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம் ஆகையால் அவர் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இறக்கிய பிறகு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கு நல்லாய்க் கேட்டுது" என்றார். நான் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இப்படிக் கனநாள் பறந்தோம். உண்மையைச் சொன்னால் அவை நல்ல நாட்கள். மனிதரின் குரல் எனக்கு முன்னால் போகும், என் விரல் பின்னால் போகும். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் சொன்ன சொல்லை நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அந்தக் கொஞ்ச நேரம் மறந்திருப்பேன்.

கடைசி நாள் சோளகம் எழும்பத் தொடங்கியிருந்தது. விமானம் நல்ல உயரத்தில் நின்றது. அந்த நேரம் இடப்பக்கத்து வேலி ஓரத்தால் ஒரு பெண் ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளியது. "ஆள் இருக்கு, இடப்பக்கம் போகாதேங்கோ" என்று சொன்னேன்.

"ஓம். இடம் திருப்புறன்" என்றார்.

நான் வலத்துக்குத் திருப்பினேன். வேறு வழி இருக்கவில்லை. ஆளுக்கு மேலே போகக்கூடாது. அது அவர் தந்த சட்டம்.

அவருடைய தோள் விறைத்தது. "இடம்" என்றார் திரும்பவும், உரத்து. விமானம் வலத்தால் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது.

"குறைக்கிறன்" என்றார். குறைத்தால் காற்று அதை ஆட்டுக்காரியின் பக்கம் தள்ளி விழுத்திவிடும். நான் குறைக்கவில்லை.

"இஞ்சாரும், இது கேக்கேல்லை. என்ரை சொல் கேக்கேல்லை!" அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு வெளியைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். "விலகுங்கோ! எல்லாரும் விலகுங்கோ! இது என்ரை கையிலை இல்லை!"

"பயப்பிடாதேங்கோ, நான்—" என்று தொடங்கினேன். அவர் ரிமோட்டை எறிந்துவிட்டுத் திரும்பினார். முதல்முறையாக விமானத்தை விட்டுக் கண்ணெடுத்தார். என்னைத் தோளில் பிடித்து நெல் அரிந்த அடிக்கட்டைகளுக்குள் தள்ளி, எனக்கு மேலே விழுந்து, என் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமத்திக்கொண்டார். கலியாணம் கட்டிய முதல் வருடம், மேலே குண்டு விமானச் சத்தம் கேட்ட ஒரு காலையில் என்னைப் பங்கர் குழிக்குள் தள்ளி இப்படித்தான் எனக்கு மேலே கிடந்தார். அன்றும் அவருடைய முழங்கை என் விலாவில் குத்தியது. எனக்கு இப்போது வானம் தெரியவில்லை. விமானம் எங்கே என்று தெரியவில்லை. ரிமோட் என் வயிற்றுக்குக் கீழே இருந்தது. தடவிப் பிடித்து மோட்டாரை நிற்பாட்டினேன். அதைத்தான் செய்யச் சொல்லித் தந்திருந்தார்: கண் தெரியாவிட்டால் முதலில் விசிறியை நிறுத்து. கொஞ்சத் தூரத்தில் ரெஜிபோம் உடைகிற சத்தம் கேட்டது.

ஆட்டுக்காரி ஓடி வந்தாள். ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. அவர் என்னை எழுப்பி இருத்தி, தலையைத் தடவி, கையைத் தடவி, "உமக்கு ஒண்டும் இல்லையே? உமக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.  அப்போது என் மடியில் கிடந்த ரிமோட்டைக் கண்டார். தூரத்தில் கிடந்த தன்னுடையதையும் பார்த்தார். அன்றைக்கு அவருடைய அறிவு எங்கிருந்தோ முழுதாகத் திரும்பி வந்திருந்தது. வந்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நீரோ ஓட்டினனீர்?"

"ஓம்."

"கனநாளாயோ?"

"கனநாளாய்."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லி அழுது முடித்திருப்பேன். அவர் எழும்பிப் போய், உடைந்து கிடந்த விமானத்தின் மூக்குப் பக்கம் போகாமல் சுற்றிப் போய், பற்றரியைக் கழற்றினார். "இப்ப நிப்பாட்டும்" என்றார். நான் என் ரிமோட்டை நிற்பாட்டினேன். திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் வரம்பில் இருந்தார்.

"நல்லாய் ஓட்டினீர்" என்றார். பிறகு, "நான் எண்டெல்லே நினைச்சன்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் வயலுக்குப் போகவில்லை. தொப்பியைத் தேடவும் இல்லை அவர். மழைக்காலம் முடியமுன் விமானம் என்ற சொல்லே அவரிடம் இருந்து போய்விட்டது. மகள் வீடியோவில் பழைய படங்களைக் காட்டினால், யாருடையவோ வீட்டுப் படம் பார்ப்பது மாதிரி மரியாதையாகப் பார்ப்பார். எனக்கு அவர் மேல் கோபம் கூட வருகிறது. இவ்வளவையும் விட்டுவிட்டுப் போகிறவர் என்னை மட்டும் ஏன் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க விட்டுப் போகிறார்?

எல்லாம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. நான் துணி காயப்போட முற்றத்தில் இறங்கினால், எந்த வேலையாக இருந்தாலும் பின்னால் வந்துவிடுகிறார். வந்து வானத்தைப் பார்க்கிறார். அங்கே ஒன்றும் இருக்காது, ஒரு பருந்து கூட இருக்காது. ஆனாலும் தன்னுடைய இரண்டு கையையும் விரித்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதலில், "இஞ்சாரும், உள்ளுக்கு வாரும்" என்று கூப்பிடுவார். மனைவியைக் கூப்பிடுகிற அந்த 'இஞ்சாரும்' இப்போது இல்லை.

நேற்றும் வந்தார். கையை என் தலைக்கு மேலே பிடித்தார். என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

நான் என் தகப்பனின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அது பிடிபடவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

"ஆரெண்டாலும் பரவாயில்லை. வெளியிலை நிக்காதையும் பிள்ளை. உம்மடை வீட்டுக்காரர் தேடப்போறார்."

நான் அவருடைய கைக்குக் கீழே நடந்து உள்ளே போனேன். துணி வாளியிலேயே கிடந்தது.